ஏழாவது வரி

இருமலின் இருப்பிடம் தேடி ஏறாத படியில்லை என்று நடந்தவரே,
மூடிய கதவை மூன்றாம் முறையும் தட்டியவரே,
மருந்தை மறந்தவரை மறக்காதவரே,
முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த மார்புநோய் மையத்தின் கால்களாக இருந்தவரே,
தெருக்களெல்லாம் டப்பா அக்கா என்று அழைக்கும் எங்கள் மூத்த களப்பணியாளரே,

வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். போன மாதம் சாப்பாட்டு அறையில் உங்கள் பணி ஓய்வு விழாவுக்கான இந்த மடலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னீர்கள்.

"என்ன எழுதுவீங்கன்னு தெரியும். மருந்தாளுநர் ரிட்டயர் ஆனப்போ எழுதினதுல பேரை மட்டும் மாத்தினா எனக்கும் அளவு சரியா இருக்கும். எழுதறதா இருந்தா அந்த ஏழாவது ஆளைப் பத்தி எழுதுங்க. இல்லேன்னா சட்டம் போட்டு மாட்ட வேண்டாம். சுவத்துக்கு ஒரு ஆணி மிச்சம்."

எங்கள் ஆய்வகர் தயங்கினார். "விழாவுல போய் நீங்க செஞ்ச தப்பைப் படிக்கச் சொல்றீங்களேக்கா."

"செஞ்சதே நான்தான். படிக்கறதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?"

ஆகவே எழுதியிருக்கிறோம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இத்தகைய மடல்களில் வாக்கியங்கள் நீளமாக இருப்பது வழக்கம். இதில் குட்டையாக இருக்கின்றன. எங்களுக்கு நீளமாக எழுதத் தெரியாமல் இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

இன்னொன்று. உங்கள் கதையை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால், டீ வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போய்விடுவீர்கள். அதனால் சற்று நேரத்துக்கு உங்களை விட்டுவிட்டு, உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுகிறோம்.

*

முதலில் அந்தப் பெயர். காசநோயைக் கண்டுபிடிக்கச் சளி வேண்டும். சளியை வாங்கத் திருகு மூடி போட்ட சிறிய வெள்ளை டப்பா உண்டு. அக்காவின் தோள்பையில் எப்போதும் இருபது டப்பா இருக்கும். "காலைல எழுந்ததும் வாய் கொப்புளிச்சுட்டு ஆழமா இருமணும். எச்சில் வேண்டாம், சளி வேணும்." இதை அவர் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. சந்தைத் தெருப் பிள்ளைகள் அவர் சைக்கிளைப் பார்த்ததும் இதே வசனத்தை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். அவரும் நின்று, "ஆழமாங்கற வார்த்தைய இன்னும் அழுத்திச் சொல்லு" என்று திருத்திவிட்டுப் போவார்.

நிரம்பிய டப்பாக்களோடு அவர் ஆய்வகத்துக்கு வரும் நேரம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஆய்வகர் சாப்பாட்டுக்கு எழும் நேரம் ஒரு மணி. "என் டப்பாவைத் திறக்கும்போதுதான் உங்க டப்பா வரும்" என்பது ஆய்வகரின் பதினெட்டாண்டுப் புகார். அது இன்றோடு தள்ளுபடி ஆகிறது.

அவர் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் மூன்று வீட்டுக்குப் போவார். முதலில் இடது பக்கத்து வீடு, பிறகு வலது பக்கத்து வீடு, நடுவில் நோயாளியின் வீடு. பக்கத்து வீடுகளில் தண்ணீரை மூடி வைக்கிறீர்களா என்று கேட்பார், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பார். யாரைப் பார்க்க வந்தார் என்று தெருவுக்குத் தெரியவே தெரியாது. இதனால் ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை அவருக்கு இரண்டு நாள் ஆகும். மேலதிகாரிகள் காரணம் கேட்டபோது, "வெயில் சார்" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தொரு ஆண்டுகளில் நாலாயிரம் நோயாளிகளுக்கு மேல் பார்த்தவர். இப்படிப்பட்டவர்தான் அந்தத் தப்பைச் செய்தார்.

*

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறத் தெருவில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர். இரண்டு மாத இருமல், மாலைக் காய்ச்சல், இடுப்பில் நிற்காத கால்சட்டை. சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. மருந்து தொடங்கியாயிற்று. அடுத்த வேலை, அவரோடு ஒரே வீட்டில் மூச்சு விடுகிறவர்களை எல்லாம் கண்டுபிடித்துச் சோதிப்பது. அதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் ஆறு வரிகள். அச்சடிக்கக் கொடுத்தவர் யாரோ, ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தால் அதிகம் என்று நினைத்திருக்கிறார்.

பட்டறைக்காரர் வீட்டில் அக்கா ஒவ்வொருவராக எழுதினார். மனைவி, மூன்று பிள்ளைகள், பட்டறைக்காரரின் தம்பி, மாமியார். ஆறு வரியும் நிரம்பிவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, இருமல் வந்தால் முழங்கை மடிப்புக்குள் முகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு இரும வேண்டும் என்று விளையாட்டாகச் செய்து காட்டினார். மூன்றும் அப்போதே இருமல் வராமலே இருமிக் காட்டின.

கிளம்பும்போது மனைவி சொன்னார். "என் தங்கச்சி ஒருத்தியும் இருக்காக்கா. இங்கதான் சும்மா வந்திருக்கா. தையல் கிளாஸ் போயிருக்கா. அவளுக்கும் லேசா இருமல் இருக்கு."

"ரெண்டு நாளைக்கு வீட்டுல இருக்கச் சொல்லுங்க. நான் வர்றேன்."

பையில் இன்னொரு படிவம் இல்லை. அக்கா பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். தங்கை, இருபது வயது, இருமல்.

மதியம் மையத்துக்கு வந்து டப்பாக்களை ஆய்வகரிடம் கொடுத்தார். பிறகு பின்கட்டுக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினார். கை கழுவுவதில் அவரை மிஞ்ச இங்கே ஆளில்லை. விரல் இடுக்கு, நகக்கண், உள்ளங்கை என்று எதையும் விடமாட்டார். அன்றும் விடவில்லை. எழுத்து போய்விட்டது. எழுதியிருந்தோம் என்ற நினைவும் அதோடு போய்விட்டது.

படிவத்தில் இருந்த ஆறு பேரும் சோதிக்கப்பட்டார்கள். ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. பட்டறைக்காரர், ஒரு வேளையும் தவறாமல் இருக்க, மாத்திரையைப் பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் கண் முன்னால் விழுங்குவது என்று ஏற்பாடு. அதனால் அக்கா அவரைப் பார்ப்பதெல்லாம் பட்டறையில்தான். ஆறு மாதத்தில் குணமானார். படிவத்தில் முத்திரை விழுந்தது.

நாலு மாதம் கழித்து, நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்துகொள்ள அக்கா வீட்டுக்குப் போனார். பட்டறைக்காரருக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. எல்லோரும் சிரித்தபடி இருந்தார்கள். பேச்சோடு பேச்சாக மனைவி கேட்டார்.

"என் தங்கச்சிக்கு மட்டும் ஏங்க்கா டெஸ்ட் வேண்டாம்னு விட்டுட்டீங்க?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "எந்தத் தங்கச்சி?"

"நீங்க வருவீங்கன்னு ரெண்டு நாள் கிளாஸுக்குப் போகாம வாசல்லயே உக்காந்திருந்தாளே. நீங்க வரல. டப்பா அக்காவே வரலேன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்னு நாங்களும் விட்டுட்டோம்."

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். பத்து மாதத்துக்கு முந்தைய கை.

"இப்ப எங்க இருக்கா?"

மனைவியின் முகம் மாறியது. "தெரியலக்கா. இருமல் நிக்கல. பிள்ளைங்க பக்கத்துல இருமாதேன்னு ஒரு நாள் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாளே பையைத் தூக்கிட்டுப் போயிட்டா. துணி கம்பெனில வேலைன்னு பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவா. ரெண்டு மாசமா அதுவும் இல்ல."

"கடைசியாப் பேசினப்போ குரல் எப்படி இருந்துச்சு?"

"பாதிப் பேச்சுல நிறுத்தி நிறுத்திப் பேசினா."

*

அன்றைய மருத்துவ அதிகாரி இப்போது ஓய்வு பெற்று, இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். அக்கா அவர் மேசை முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னார். அவர் பட்டறைக்காரரின் படிவத்தை வரவழைத்துப் பார்த்தார்.

"ஆறு வரி இருக்கு. ஆறு பேருக்கும் டெஸ்ட் முடிஞ்சிருக்கு. பேப்பர்ல ஒரு குறையும் இல்லையேம்மா."

"பேப்பர்ல இல்ல சார். ஆனா பொண்ணைக் காணோமே."

டாக்டர் படிவத்தை மடித்து வைத்தார். தட்டிக் கேட்க யாரும் இல்லை, கேட்டாலும் காட்டப் படிவம் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அக்காவுக்கும் தெரியும். பிறகு கேட்டார்.

"என்ன வேணும்?"

"வாரத்துல ரெண்டு மத்தியானம் சார். ஜீப் வேண்டாம். ஜீப்பைப் பாத்தா ஹாஸ்டல்ல கதவைச் சாத்திருவாங்க."

வெளியே வந்து அக்கா பதிவேட்டை எடுத்தார். பட்டறைக்காரரின் பக்கத்தில், ஆறாவது வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், சிவப்பு மையில் எழுதினார். "ஏழாவது நபர். மனைவியின் தங்கை. இருமல் இருந்தது. சோதிக்கவில்லை. விட்டவர்: நான்." கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். அந்தப் பதிவேடு இன்றும் பழைய பீரோவில் இருக்கிறது. விழா முடிந்ததும் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

அக்காவின் கணவர் தபால்காரர். மறுநாள் காலையில் அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னங்க, துணி கம்பெனிப் பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல் எல்லாம் எங்கெங்க இருக்கு?"

"ஏம்மா, வேலைய விட்டுட்டுத் தைக்கப் போறியா?"

அக்கா சொன்னார். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அட்ரஸ் இல்லாத லெட்டரைக் கொண்டுபோய்ச் சேக்கணுங்கற."

"நீங்க சேத்ததே இல்லையா?"

"சேத்திருக்கேன். அதுக்கு நாலு பேர்கிட்ட விசாரிக்கணும்."

அவர் நாலு பேரிடம் அல்ல, தபால் நிலையத்தில் பை பிரிக்கும் பதினொரு பேரிடமும் விசாரித்தார். பெண்கள் பெயருக்கு மட்டும் கடிதம் வரும் வீடுகள் எவை என்று அவர்களுக்கு மனப்பாடம். இருபத்துமூன்று ஹாஸ்டல்களின் பட்டியல் வந்தது, எந்தத் தெருவில் நாய் கடிக்கும் என்ற குறிப்போடு.

அக்கா இருபத்துமூன்றுக்கும் போனார். வாரம் இரண்டு மத்தியானம், அதுபோக அவருடைய விடுமுறை நாளும். சொந்தக்காரப் பெண்ணைத் தேடுகிறேன் என்றார். சில இடங்களில் உள்ளே விட்டார்கள். ஓர் இடத்தில் காப்பாளர், அவர் தோள்பையைப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்பே, "இங்க யாருக்கும் அந்த வியாதி இல்ல" என்று சொல்லிவிட்டார். அக்கா அவரிடம் இரண்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தார். இருபத்துமூன்றிலும் அந்தப் பெண் இல்லை.

ஏழு வாரங்கள் போய்விட்டன. அப்போது அக்காவுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை என்று அவர் கணவர் பின்னால் எங்களிடம் சொன்னார். கண்டுபிடிக்காத ஒரு நோயாளி வருஷத்துக்குப் பத்துப் பேருக்காவது நோயைக் கொடுப்பார் என்று பயிற்சியில் சொல்வார்கள். அக்காவை அரித்தது அந்தக் கணக்கு அல்ல. இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்திருந்தாளே, அதுதான்.

ஹாஸ்டலில் இல்லையென்றால் வாடகை அறை. வாடகை அறைகளுக்குப் பட்டியல் கிடையாது. ஆனால் இருமுகிறவர் எங்கே தங்கினாலும் மருந்துக் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். அக்கா துணி கம்பெனிகளைச் சுற்றியிருந்த மருந்துக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறினார். ஒன்பதாவது கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

"இருமல் மருந்து வாங்கற பொண்ணா? இந்தப் பஞ்சுத் தூசில எல்லாருந்தான் வாங்கறாங்க."

"அடிக்கடி வாங்கறவங்க?"

"ஒண்ணு இருக்கு. வாரம் ரெண்டு பாட்டில். கடைக்குள்ள வராது, படிக்குக் கீழயே நிக்கும். இருமல் வந்தா இப்படிப் பண்ணும்." கடைக்காரர் தன் முழங்கை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக் காட்டினார். "என்னம்மா, கையைக் கடிச்சுக்கறன்னு கூட ஒரு நாள் கேட்டேன்."

அந்த நாட்களில் அப்படி இருமுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. உள்ளங்கையில் இருமுவார்கள், கைக்குட்டையில் இருமுவார்கள், பெரும்பாலும் எதிரில் இருப்பவர் முகத்தில் இருமுவார்கள். முழங்கைக்குள் இருமுவது அக்கா போன வீடுகளில் மட்டும்தான். பட்டறைக்காரரின் பிள்ளைகள் அந்த விளையாட்டைச் சித்திக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்கா ஆறு பேரிடம் சொன்னது ஏழாவது ஆளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சொன்னவர்தான் போய்ச் சேரவில்லை.

அக்கா அந்தக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை மணிக்கு வரும்?"

"ஷிப்ட் விட்டதும், அஞ்சரைக்கு. இன்னிக்கு வருமா நாளைக்கு வருமான்னு சொல்ல முடியாது."

"பரவால்ல. நான் இருக்கேன்."

இரண்டாம் நாள் வந்தாள். தோளில் இருந்து துப்பட்டா நழுவுகிற அளவுக்கு மெலிந்திருந்தாள். படிக்குக் கீழே நின்று, முழங்கைக்குள் இருமிவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது எதிரே அக்கா நின்றார்.

"நீங்க யாரு?"

"டப்பா அக்கா."

அவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "வருவீங்கன்னு ரெண்டு நாள் உக்காந்திருந்தேன்."

"தெரியும்மா. மறந்துட்டேன். உன்னைக் கையில எழுதி வெச்சிருந்தேன். கையைக் கழுவிட்டேன்."

"சோப்புப் போட்டா?"

"சோப்புப் போட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. அக்கா அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். மூச்சு திரும்பியதும் அவள் கேட்டாள்.

"எங்கக்கா அனுப்பினாளா?"

"நானா வந்தேன். ஆனா உங்கக்கா தினமும் பக்கத்து வீட்டு போன் பக்கத்துல நிக்கறா."

அவள் துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். "சரி, டப்பாவக் குடுங்க."

*

ஆய்வகர் அப்போது வேலைக்குப் புதிது. உருப்பெருக்கியில் அந்தச் சளியைப் பார்த்ததை இன்றும் சொல்வார். எண்ணுவதற்கு அவசியமே இல்லாத அளவுக்குக் கிருமிகள் இருந்தன. அன்று டப்பா பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குத்தான் வந்தது. அவர் சாப்பிடப் போகவில்லை.

அவள் இருந்த வாடகை அறையில் எட்டுப் பேர். அந்த அறைக்கு அக்கா இரண்டு படிவம் கொண்டுபோனார். எட்டுப் பேரையும் எழுதி முடித்த பிறகு, "அப்புறம் யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றார்கள். மறுபடி கேட்டார். இரவு ஷிப்டுக்காரி ஒருத்தி பகலில் இங்கே வந்து தூங்குவாள் என்றார்கள். மூன்றாம் முறையும் கேட்டார். அதற்குப் பிறகுதான் பேனாவை மூடினார். அவர்களில் ஒருத்திக்கு நோய் ஆரம்ப நிலையில் இருந்தது. ஆறு மாத மருந்தில் ஒரு தழும்பும் இல்லாமல் குணமானாள்.

நம் ஏழாவது ஆளுக்கு மருந்து எட்டு மாதம் போயிற்று. முதல் மாதத்தில் அவளைப் பார்க்க அவள் அக்கா வந்தார். வாசலில் நின்றபடி, "எலும்பும் தோலுமா இருக்கியேடி" என்றார். "நீ குண்டா இருக்கியே, அதுக்கு மாத்திரை கேட்டியா?" என்றாள் இவள். அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள் என்று ஓய்வு பெற்ற மருந்தாளுநர் எழுதச் சொல்கிறார். நாங்கள் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார்.

கிருமி முழுதாகப் போய்விட்டது. இடது நுரையீரலின் மேல்பாதி மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார்.

"மாடி ஏறலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"மெதுவா ஏறலாம்."

"பாடலாமா?"

"முன்னாடி பாடுவியா?"

"இல்ல."

"அப்ப இப்பவும் வேண்டாம்."

அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அந்த எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைத் தழும்பு ஏறக்குறைய ஒரு வருடத் தாமதத்தின் அளவு என்று அவருக்குத் தெரியும். அவள் போன பிறகு, "முதல் மாசமே போயிருந்தா இது இருந்திருக்காது இல்ல சார்?" என்று கேட்டார். டாக்டர் மழுப்பவில்லை. "இருந்திருக்காது" என்றார்.

மறுநாளிலிருந்து அக்கா சாப்பாட்டு நேரத்தில் கோந்தும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் ஒரு நீளமான சீட்டை ஒட்டினார். அதில் பத்து வரி. மடித்தால் படிவத்துக்குள் அடங்கிவிடும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், அங்கீகாரம் இல்லாத தாளை அரசுப் படிவத்தில் ஒட்டக் கூடாது என்று குறிப்பு எழுதினார். அக்கா அந்தக் குறிப்பைக் கோப்பில் வைத்துவிட்டு ஒட்டுவதைத் தொடர்ந்தார். மூன்றாம் ஆண்டு அதே அதிகாரி, தன் பகுதிக்கும் இருநூறு சீட்டு கிடைக்குமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

இந்த மடலுக்காக எல்லாப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தோம். ஒட்டுச் சீட்டில் மட்டும் எழுதப்பட்டவர்கள் ஐந்நூற்று முப்பத்திரண்டு பேர். மாடியில் வாடகைக்கு இருந்தவர், பட்டறையில் படுத்துக்கொண்ட கூட்டாளி, கணவனிடம் கோபித்துக்கொண்டு வந்திருந்த மகள், பரீட்சைக்காகத் தங்கிய அண்ணன் மகன். எல்லோரும் "இங்கே சும்மா இருக்கிறார்" என்று சொல்லப்பட்டவர்கள். அவர்களில் நாற்பத்தொரு பேருக்கு நோய் இருந்தது. நாற்பத்தொரு பேரும் குணமானார்கள். அந்த வரிகள் இல்லாவிட்டால் அவர்களில் ஒருவரும் நம் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது படிவம் இல்லை, கணினி வந்துவிட்டது. எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் "அப்புறம் யாரு?" என்று அது மூன்று தடவை கேட்பதில்லை. அதை நாங்கள்தான் கேட்க வேண்டும். கேட்கிறோம். போன வாரம்கூட மூன்றாம் தடவை கேட்டபோது ஒரு தாய்மாமன் வெளியே வந்தார்.

*

அக்கா, இனி மறுபடியும் உங்களைப் பார்த்தே பேசுகிறோம். நீங்கள் டீயைப் பார்க்க எழுந்து போகாததற்கு நன்றி.

இந்த மடலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றீர்கள். பதிவு மேசைக்கு மேலே மாட்ட வேண்டும், நாளை புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்றீர்கள். அப்படியே செய்கிறோம். ஆணி அடித்தாயிற்று.

வாக்கியங்கள் ஏன் குட்டை என்று சொல்வதாக வாக்களித்திருந்தோம். உங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். இங்கே இருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். இந்த மடலை வாசிக்க யாரைக் கேட்பது என்று யோசித்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் தோன்றினார். சந்தை வாசலில் தையல் கடை வைத்திருப்பவர். நீங்கள் தோளில் மாட்டும் பையை, படிவத்துக்கென்று தனி அறை வைத்துத் தைத்துக் கொடுத்தவர். அவருக்கு இடது பக்கத்தில் மூச்சு பாதிதான். அந்த அளவுக்கு நாங்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டினோம். இவ்வளவு நேரமும் இதை உங்கள் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிற ஏழாவது ஆள் அவர்தான்.

கடைசி வாக்கியத்தையும் ஐந்தாக வெட்டித்தான் கொடுத்தோம். அவர் பார்த்துவிட்டு, "இதை மட்டும் ஒட்டிக் குடுங்க. மடல்னா இப்படியா இருக்கும்? நான் பாத்துக்கறேன்" என்றார். ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். தயவுசெய்து யாரும் நடுவில் கைதட்ட வேண்டாம்.

ஆறு வரியோடு நின்றுவிட்ட தாளின் அடியில் இன்னும் ஓர் உயிர் இருக்கிறது என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்ட கை என்றும் நடுங்காமலும், தெருத்தெருவாய்த் தேடி நடந்த கால்கள் இனியேனும் தாம் விரும்பிய இடத்துக்கு மட்டும் நடந்தும், ஊரின் மூச்சையெல்லாம் உற்றுக் கேட்ட காதுகள் இனி உறங்கும் நேரத்தில் உறங்கியும், தபால்காரருக்குத் துணையாகவும் பிள்ளைகளுக்குப் பெருமையாகவும், நெஞ்சு நிறைய மூச்சும் வீடு நிறைய சிரிப்புமாக, நீங்கள் நூறாண்டு நலமோடு வாழ வேண்டும் என்று, நீங்கள் தேடி வந்ததால் இன்று இங்கே நின்று பேச முடிந்த இந்த ஒரு மூச்சில் வாழ்த்துகிறோம்.

அன்பும் நன்றியும் மாறாத,
மருத்துவ அதிகாரி, ஆய்வகர், மருந்தாளுநர், பதிவு எழுத்தர், களப்பணியாளர்கள், ஜீப் ஓட்டுநர், மற்றும் மார்புநோய் மையத்தின் அனைத்து ஊழியர்கள்

(அடியில் ஒட்டிய சீட்டில்)
தையல்காரர்